நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

கடைசியில் நாங்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கவில்லை. இதை எழுதும்போதே மனசு லேசாகிறது. வாங்கியிருந்தால் வருடத்தில் பத்து மாதம் அது வாசலில் வெயில் காய்ந்துகொண்டு நின்றிருக்கும். நானும் அதைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு அந்த எண்ணம் ஆவணி மாதத்தில் வந்தது. மகளுக்கு வளைகாப்பு முடித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். ஐப்பசிக் கடைசியில் பிரசவம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இந்த மனிதர் செல்போனில் பனிமலை ஏறுகிற வண்டிகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்மூருல பனி விழுறது மார்கழியில, அதுவும் புல்லு மேலதாங்க. அதைத் தாண்ட நாலு சக்கரமும் இழுக்கணுமா?" என்றேன்.

"பனிக்கு இல்ல புள்ள, சேத்துக்கு" என்றார்.

அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டுகளுக்குப் பின்னால் இருக்கிற தாழ்வான மனைகளில் ஒன்றில்தான் எங்கள் வீடு. மெயின் ரோட்டிலிருந்து நூறு தப்படி. அந்த நூறு தப்படியும் களிமண். இரண்டு வருடம் முன்பு, இதே ஐப்பசியில், இதே மகளுக்கு முதல் பிரசவ வலி வந்தபோது ஆட்டோ அந்தத் தெருவில் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது. இவர் இறங்கித் தள்ளினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், குழந்தை தங்கவில்லை. அந்தக் காலையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பேசாமல் இருக்க எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் பீங்கானில் ஃப்யூஸ் கட்டை செய்கிற யூனிட்டில் இருபது வருடமாகத் தரம் பிரிக்கிறேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாததைக் கழித்துப் போடுவது என் வேலை. கழித்ததைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டுவது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம். அந்த வருடம் மழைக்கு முன்னால் நானும் முதலாளியிடம் கேட்டு ஒரு டிராக்டர் லோடு தெருவில் கொட்ட வைத்தேன். தெருவே வெள்ளையாக மின்னியது, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லாம் மேலே கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு ஏறிய கட்டைகள். கீழே ஈரக் களிமண், மேலே வழுவழுப்பு. சக்கரத்துக்கு எங்கே பிடிப்பு கிடைக்கும்? இருபது வருடம் அந்த வழுவழுப்பைக் கையில் வைத்திருந்தவளுக்கு இது தோன்றவில்லை. ஆட்டோ வழுக்கியது என் லோடில்தான் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, வண்டிப் பேச்சு வரும்போதெல்லாம் தேவைக்கு மேலேயே சத்தம் போட்டேன்.

பெண்ணாடத்தில் கரும்பு வைத்திருக்கிற இவருடைய சிநேகிதரிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. புரட்டாசியில் மழை பெய்த ஒரு காலையில் ஓட்டிக் காட்ட வந்தார். தெருவுக்குள் நுழைந்து நாலைந்து தப்படி நன்றாகத்தான் வந்தது. அப்புறம் நாலு சக்கரமும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு மதில் சுவரை உரசிவிட்டு, குலுங்கிக் குலுங்கி எப்படியோ எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

சிநேகிதர் இறங்கி டயரைப் பார்த்தார். "அண்ணே, டயருல களிமண்ணு அப்பிக்கிச்சின்னா ரெண்டு சக்கரம் இழுத்தாலும் ஒண்ணுதான், நாலு இழுத்தாலும் ஒண்ணுதான். எனக்கு இது கரும்புக் கொல்லையில ஒதவுது. உங்களுக்கு வண்டி வாணாம்ணே, தரைதான் வேணும்."

இவர் விடவில்லை. மகளை ஏறிப் பார்க்கச் சொன்னார். எட்டு மாத வயிற்றோடு அவளால் அந்தப் படிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. ஓடிப்போய் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அவள் ஒரு காலை வைத்ததும் ஸ்டூல் ஒரு பக்கமாகச் சேற்றில் இறங்கியது. நல்லவேளை, நான் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, என்னைக் கரும்புக் கட்டாட்டம் தூக்கிப் போட்டாதான் உண்டு" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இவர் சிரிக்கவில்லை. "அப்ப எப்பிடிதான் இவளை இட்டுக்கினு போறது?" என்றார். சேற்றில் புதைந்த ஸ்டூலைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டேன். பக்கத்து யூனிட்டில் பழைய சூளையை இடித்துக்கொண்டிருந்தார்கள். கிளேஸ் படாத, சொரசொரப்பான சூளைச் செங்கல் மலைபோல் கிடந்தது. கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஜேசிபி வைத்து, நான் கொட்டிய கட்டைகளையும் கீழே இருந்த களிமண்ணையும் முழங்கால் ஆழத்துக்கு வழித்தெடுத்தோம். செங்கல் உடைசலைப் பரப்பி மேலே கிராவல் அடித்தோம். ஃப்யூஸ் கட்டையை எதற்காக எடுக்கிறாய் என்று இவர் கேட்பாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நிரவினார்.

ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்கு மகளுக்கு வலி எடுத்தது. தெரிந்த ஆட்டோக்காரர் வந்தார். நானும் மகளும் ஏறி உட்கார்ந்தோம். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தள்ளுவதற்குத் தயாராகப் பின்னால் போய் நின்றார். ஆட்டோ எங்கும் திணறாமல் கிளம்பிப் போய்விட்டது. மெயின் ரோடு வந்த பிறகுதான் இவர் ஏறவில்லை என்பதே எங்களுக்கு உறைத்தது. மழையில் வெறுங்காலோடு ஓடி வந்தவரைப் பார்த்து மகள் வலியோடு சிரித்தாள்.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். அப்பாடா என்று வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு வருடத்தில் அப்படி முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததாக ஞாபகமில்லை.

டாக்டரம்மா வெளியே வந்தபோது இவர் எழுந்து போய்க் கேட்டார். "அம்மா, போன தடவை அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா அந்தக் கொழந்த பொழச்சிருக்குங்களா?"

"இல்லைங்க. நீங்க வூட்ட விட்டுக் கெளம்புறதுக்கு முன்னாடியே துடிப்பு நின்னுபோயிருந்துச்சு. அன்னிக்கே சொன்னனே, உங்க காதுல விழலையா?"

எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. இவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"என்னாங்க, அன்னிக்கு ஆட்டோ வழுக்குனது நான் கொட்டச் சொன்ன கட்டையிலதாங்க."

"தெரியும் புள்ள. தள்ளும்போது எங்காலுக்குக் கீழயும் அதான வழுக்குச்சி."

"தெரிஞ்சுமா ரெண்டு வருசமா ஒரு வார்த்த சொல்லல?"

"தெருவ வழிக்கணும்னு நான் சொன்னா, எதுக்குன்னு ஒனக்குப் புரிஞ்சி மனசு ஒடஞ்சிடும்ல. அதான் வண்டி வாங்கிடலாம்னு பார்த்தேன்."

ஆஸ்பத்திரி வராண்டா என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.