இடது கண் கொஞ்சம் சின்னது

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற என் பெரியப்பா, மரத்தில் ஆந்தை செதுக்குவார். சனி, ஞாயிறுகளில் பூங்காவில் நடக்கும் கைவினைச் சந்தையில் அவரும் பெரியம்மாவும் கடை போடுவார்கள். ஆந்தைகள் அழகுதான், பெரியப்பாவின் வாய்தான் சும்மா இருக்காது. யாராவது ஒன்றைக் கையில் எடுத்தால் போதும், "அதோட இடது கண் கொஞ்சம் சின்னதுங்க" என்று அவரே போட்டு உடைத்துவிடுவார். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அதனால் ஆள் வருவது தெரிந்தாலே, "ஏங்க, ஒரு டீ வாங்கிட்டு வாங்க" என்று அவரை விரட்டிவிடுவாள். போன மாதம் அப்படித்தான் பெரிய ஆந்தையை ஓர் அம்மாளிடம் விற்றாள். டீயோடு வந்தவர் காலி இடத்தைப் பார்த்துப் பதறினார்.

"அடிப்பாவி, கழுத்துல விரிசல் இருக்கே, சொன்னியா?"

டீயை வைத்துவிட்டு, ஆந்தையை வாங்கியவரைத் தேடி ஓடினார். திரும்பும்போது அந்த அம்மாளும் கூடவே வந்தார். போச்சு என்று பெரியம்மா பணத்தைத் திருப்பித் தர எடுத்தாள்.

"அது இருக்கட்டும்மா. என் தங்கச்சிக்கும் ஒண்ணு குடுங்க. அதுல என்ன குறைன்னு இவரே சொல்லட்டும்."

இப்போதெல்லாம் டீ வாங்கப் பெரியம்மாதான் போகிறாள்.