அடிவரிசையிலிருந்து எடுத்தவர்

காதர் பாய் இறந்துவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை காலை நம் பேட்டை செல்வராஜ் அண்ணன் போன் செய்தபோது நான் நம்பவில்லை. "யாரு சொன்னது?" என்று கேட்டேன். "அவரு ஊரு மங்கலம்பேட்டையிலேர்ந்து சொன்னாங்க." "மங்கலம்பேட்டையில யாரு? நேர்ல பார்த்தவங்களா, கேள்விப்பட்டவங்களா?" அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, சாவுச் சேதியிலகூடவா சந்தேகப்படுவ?" என்று போனை வைத்துவிட்டார். நான் விடவில்லை. பாயின் நம்பருக்கே அடித்தேன். அவருடைய மனைவி ரஹ்மத் அக்கா எடுத்தார்கள். "ஆமாம்மா. காலைத் தொழுகை முடிச்சு வந்து நாற்காலியில உக்காந்தாங்க. அவ்வளவுதான்" என்றார்கள். எந்த டாக்டர் பார்த்தார் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டு போனை வைத்தேன்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கல்ஃபில் பெரிய பெரிய கட்டடங்களில் தீத்தடுப்பு வேலைகளைச் சரிபார்க்கும் இன்ஜினியராகப் பல வருஷம் இருந்தவர். ஊர் திரும்பியவர் வீடு கட்டி வாடகைக்கு விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு நம் பேட்டையின் கடைசித் தெருவில் மூடிக் கிடந்த ஷெட்டை எடுத்து, உலை கட்டி, கதவுகளை வாங்கி வாங்கி எரித்தார். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கம்மாபுரம் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்தவரின் ஆள் என்றார் ஒருவர். கறுப்புப் பணத்தைப் புகையாகக் கணக்குக் காட்டுகிறார் என்றார் இன்னொருவர். நான் சொன்னது, ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு வேவு பார்க்கிறவர் என்று.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான் பீங்கானில் ஃப்யூஸ் கட்டை செய்கிறவள். என் ஷெட்டுக்கு அவர் முதல் முறை வந்தபோது உடைசல் வேண்டும் என்று கேட்டார். உடைந்த பீங்கானை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து யாராவது கேட்பார்களா? டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, ரெஜிஸ்டர்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பின்பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முன்னால், சரக்குக் கட்டுகிற வைக்கோல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது.

"அந்தக் கதவுக்குச் சாவி எங்கம்மா?"

"வாட்ச்மேன்கிட்ட இருக்குதுங்க."

"வாட்ச்மேன் எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்காருங்க."

"சரி, வரட்டும்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் வருவதற்குள் பாய் இரண்டு டீ குடித்துவிட்டார். எழுந்து போகும்போது, "இவ்வளவு நேரமெல்லாம் தீ பொறுமையா நிக்காதும்மா" என்று மட்டும் சொன்னார். எனக்கு எரிச்சலான எரிச்சல். உடைசல் கேட்டு வந்தவர் உடைசலை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? ஆனாலும் அன்று சாயங்காலமே வைக்கோலை இடம் மாற்றினேன். தீக்குப் பயந்து இல்லை, அவர் எங்காவது எழுதிப் போட்டுவிடுவார் என்ற சந்தேகத்தில்.

அவருடைய ஆராய்ச்சி சுலபமாகச் சொல்லக்கூடியது. ஒரு அறையில் தீப்பிடித்தால், அந்தத் தீயையும் புகையையும் கதவு எவ்வளவு நேரம் அந்தப் பக்கமே நிறுத்தி வைக்கும்? மரக் கதவின் வயிற்றுக்குள் வைக்க, நம் உடைசலை அரைத்துச் சேர்த்து ஒரு பலகை செய்ய முடியுமா? உலை வாயில் கதவை மாட்டி உள்ளே பர்னரை எரியவிடுவார். வெளியே நின்று, ஒரு கம்பியில் பஞ்சைக் கட்டிக் கதவின் இடுக்குகளில் காட்டிக்கொண்டே போவார். பஞ்சு பற்றினால் கதவு தோற்றது. நடுவில் கரண்ட் போனால் ஊதுகிற மெஷின் நின்றுவிடும். அரை மணி நேரம் எரிந்த கதவை மறுபடி எரிக்க முடியாது, எல்லாம் முதலிலிருந்து. நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று அவர் ஒரு தனி நோட்டே வைத்திருந்தார்.

கரண்டைவிட மனிதர்கள்தான் அவரைப் படுத்தினார்கள். புதுக் கதவு எத்தனை நேரம் தாங்கும் என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு வருஷம் நூறு பேர் தள்ளி, கீல் தொங்கி, தரையில் உரசுகிறது என்று ஆசாரி அடியில் இழைத்துவிட்டுப் போன கதவு எத்தனை நேரம் தாங்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், "புழங்கிக்கிட்டிருக்கற கதவு ஒண்ணு குடுங்க, எரிச்சுப் பார்த்துட்டுப் புதுசு மாட்டித் தரேன்" என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டுவிட்டார். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். "நான் கதவு கேட்டேன், அவரு வாசலைக் காட்டிட்டாரு" என்றார்.

பலகை விஷயத்தில் எனக்கு ஆசை வந்தது அப்போதுதான். உடைசலைக் குப்பையில் கொட்டுவதைவிட, பலகையாக விற்கலாமே. என் சூளையில் வெந்த கெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "பாய், நாங்க நெருப்புலயே பொழைக்கிறவங்க. இது ஆயிரத்து இருநூறு டிகிரி பார்த்த பலகை. உங்க தீ இதை என்ன பண்ணும்?" என்றேன். அவர் அதை எடுத்து உலை வாயில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் டமார் என்று வெடித்து மூன்றாகப் பிளந்தது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். "உங்க சூளை, கல்யாணத்துக்கு வர்ற சம்பந்தி மாதிரிம்மா. பேசிப் பேசி மெதுவா சூடாவும். தீ அப்படி இல்லை. வந்ததும் அறையும்" என்றார். பீங்கான்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. சூட்டைத் தெரிந்தால் தீயைத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிறகு அவர் சொன்னபடி அரைத்த உடைசலும் நாரும் கலந்து, வேக வைத்து ஒரு பலகை செய்தேன். அது அவர் உலையில் நின்றது. பஞ்சு பற்றவே இல்லை. அந்தச் சமயத்தில் நம் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் தீக்கதவு போடப் பலகை கேட்டார்கள். பாயின் ரிப்போர்ட் ஒன்று இருந்தால் போதும், ஆர்டர் எனக்கு. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த யூனிட் எழுந்து நின்றுவிடும். சோதனைக்கு நானே பார்த்துப் பார்த்து ஐந்து பலகை எடுத்து வைத்தேன். பாய் என் ஷெட்டுக்கு வந்தார். நான் எடுத்து வைத்ததைத் தொடவே இல்லை. பலகைகளை அடுக்கிச் சூளைக்குள் தள்ளுகிற வண்டி அப்போதுதான் இறங்கியிருந்தது, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடிவரிசையிலிருந்து இரண்டை உருவினார்.

"பாய், நான்தான் எடுத்து வச்சிருக்கேனே."

"அதெல்லாம் நடு அடுக்கும்மா. தீ நடு அடுக்காப் பார்த்து வராது."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டியின் நடு அடுக்கில் சூடு சீராகப் பிடிக்கும், அடியில் பிடிக்காது. பார்ட்டிக்குக் காட்ட நடு அடுக்கிலிருந்து எடுப்பது நம் பேட்டை வழக்கம். நான் செய்தேன், நீங்களும் செய்கிறீர்கள். அது ஏமாற்று என்று நம்மில் யாரும் நினைத்ததில்லை. பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்றால் நல்ல புடவை கட்டிவிடுகிறோம் இல்லையா, அப்படித்தான்.

அடிவரிசைப் பலகை இரண்டும் அவர் உலையில் தோற்றன. 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். நான் கத்தினேன். அவருடைய ஷெட்டே அதிரும்படி கத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். வெளியே வந்தால், செல்வராஜ் அண்ணனுடைய கார் நிற்கிறது. அவரும் அதே ஆர்டருக்கு அலைந்துகொண்டிருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். காதர் பாய் விலை போய்விட்டார். அன்றைக்கே டீக்கடையில் சொன்னேன். மறுநாள் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். ஒரே வாரத்தில் பேட்டை முழுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு பல பேர் அவருக்கு உடைசல் கொடுப்பதைக்கூட நிறுத்தினீர்கள். நிறுத்த வைத்தவள் நான். செல்வராஜ் அண்ணனுடைய பலகையும் அன்றைக்கே தோற்றது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆர்டரை விட மனமில்லை. வெளியூர் லேப் ஒன்றுக்கு நடு அடுக்குப் பலகையைப் பார்சலில் அனுப்பினேன். பாஸ் என்று சர்டிபிகேட் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிட வீம்புதான் அதிகம் வந்தது. பாய் பொய்யர் என்று ஊரறியச் செய்ய வேண்டும். சூளை பார்க்கும் பெரியசாமியைக் கூப்பிட்டு, அடிவரிசைப் பலகை ஒன்றை மரச்சட்டத்துக்குள் வைத்துப் பொருத்தி, பர்னர் வாயில் நிறுத்தச் சொன்னேன். மதியம், ஆட்கள் எல்லாரும் பார்க்க, நானே கம்பியில் பஞ்சைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சரியாக வேகாத பலகை தீயில் மறுபடி வேக ஆரம்பித்தது. சுருங்கியது. மூலையில் ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி விட்டது. பஞ்சு பற்றி எரிந்தது. பாய் ஏதாவது சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்று பெரியசாமியையே ஒரு முறைப்பு முறைத்துவிட்டு, நானே குனிந்து வேறு பலகை உருவினேன். அதுவும் பற்றியது. மூன்றாவதும் பற்றியது. பெரியசாமி மெதுவாகக் கேட்டார்: "யம்மா, இந்த அடிவரிசையெல்லாம் ஆஸ்பத்திரியில எந்த ரூம்புக்குப் போவும்?" அறுத்த வயிற்றோடு படுத்திருக்கிறவள் எழுந்து ஓட முடியுமா? அந்தக் கதவு அவளுக்கு எத்தனை நிமிஷம் தரும்?

சர்டிபிகேட்டைக் கிழித்துப் போட்டேன். வண்டியில் பாதிதான் ஏற்றினோம். அடியில் வெறும் செங்கல் அடுக்கி, பலகையை மேலே தூக்கி வைத்தோம். நிதானமாக வேக வைத்தோம். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் அவகாசம் கேட்டுக் கெஞ்சினேன். பெரியசாமியை அனுப்பித்தான் பாயை வரச் சொன்னேன். நானே போக முகம் இல்லை. அவர் வந்தார். குந்தி உட்கார்ந்து, மறுபடியும் கீழிருந்துதான் உருவினார். நான்கு நாள் கழித்து 'தேறியது' என்ற தாள் வந்தது. அவரும் பழசைப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே இருந்துவிட்டேன். பாவி நான்.

பாய் இறந்த மூன்றாம் நாள் மங்கலம்பேட்டைக்குப் போனேன். ரஹ்மத் அக்கா உள்ளறையில் இருந்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். "உங்க வூட்டுக்காரரு காசு வாங்கிட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னவ நான்தான்க்கா" என்றேன்.

"தெரியும்மா. மறுநாளே காதுக்கு வந்துருச்சு" என்றார்கள். "'அந்தப் பொண்ணுக்குச் சந்தேகப்பட வருது, ரஹ்மத்து. இப்ப என்மேல படுது. விடு, அது கொஞ்ச நாள்ல பலகைமேல திரும்பும்'னு சிரிச்சாங்க." என் கையை விடாமலே, "சிரிச்சாங்கதான். ஆனா ரெண்டு நாளு சரியா சாப்பிடலைம்மா" என்றார்கள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, 'தேறவில்லை' என்று எழுதிய அந்த முதல் தாள். தேறியது என்ற தாளை ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

இப்போது அந்த ஆஸ்பத்திரியில் மேலே இன்னொரு மாடி கட்டுகிறார்கள். கதவு வேண்டுமாம். பாய் இல்லை என்றதும் மறுபடியும் வெளியூர் லேபுக்குப் போன் செய்தேன். "நீங்களே நல்லதா ரெண்டு பார்த்து அனுப்பிடுங்க மேடம்" என்கிறார்கள். நேற்று வண்டி இறங்கியதும் அடிவரிசையில் எடுக்கத்தான் குனிந்தேன். எத்தனை வருஷப் பழக்கம்! அந்த அடிவரிசைக்குள்ளும் என் கை நல்லதைத்தான் தேடுகிறது. என் பலகையை நானே எடுத்தால் சரிப்படாது.

செல்வராஜ் அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களைப் பற்றியும் தப்பாகப் பேசினேன். அதற்கு இந்தப் பேட்டையின் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். நாளைக் காலையில் என் ஷெட்டுக்கு வாருங்கள். என் வண்டியிலிருந்து நீங்கள் உருவுங்கள். உங்கள் வண்டியிலிருந்து நான் உருவுகிறேன். உங்கள் வண்டியில் எது நன்றாக வெந்தது என்று எனக்குச் சொல்லாதீர்கள், நான் நம்ப மாட்டேன். நீங்களும் என்னை நம்பாதீர்கள்.