மணமகள் அறையில் ஒரு காலிக் குப்பி

இயற்கைவழி உடற்கட்டுப் போட்டியின் பதினோராவது விதி இப்படிச் சொல்கிறது: ‘ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று இடம் பெறுவோரிடம் ஊக்கமருந்துச் சோதனைக்காகச் சிறுநீர் பெறப்பட வேண்டும். பெண்கள் எனில் பெண் அலுவலர் உடனிருக்க வேண்டும்.’ நல்ல விதி. வேலைக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்திய எனக்கு, இதில் ஓர் அரைப்புள்ளிகூடத் திருத்தத் தோன்றவில்லை. அதைப் படித்தவர் ஒருவராவது போட்டி நடந்த மண்டபத்தில் இருந்திருக்கலாம்.

ஓய்வு பெற்றதும் முழங்கால் வலிக்காகக் கீரனூரில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். கால் வலி போனது, எடை தூக்கும் பழக்கம் போகவில்லை. தோளும் முதுகும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. எண்ணெய் இல்லாத கோழி, முட்டை வெள்ளை, அவித்த பயறு என்று கல்யாண வீட்டுக்கும் என் டப்பாவோடு போனேன். ஊர் ஒரே முடிவுக்கு வந்தது: ஊசி.

அறந்தாங்கியிலிருந்து வரும் என் தங்கை, செருப்பைக் கழற்றும் முன்பே என் கையைக் கிள்ளிப் பார்ப்பாள்.

“உண்மையச் சொல்லுக்கா, என்னத்தப் போட்டுக்கிற? துபாய்ல எங்க வீட்டுக்காரர் ரூம்ல ஒருத்தன் இப்பிடித்தான் ஊசி போட்டு வீங்கிக் கெடந்தானாம்.”

“ஒண்ணும் போடலடி.”

“போடாம இந்த வயசுல வருமாக்கும்? எனக்கு வரலையே!”

“ஒன் டப்பாவுல முறுக்குல்ல இருக்கு. எங்கிட்டுருந்து வரும்?”

வாயால் அவளை ஜெயிக்க முடியாது. எழுத்தில் சான்று வேண்டும். போட்டிக்குப் பெயர் கொடுத்ததே அதற்காகத்தான். பதக்கம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. சோதனை முடிவு வேண்டும்; அதற்கு முதல் மூன்று இடத்துக்குள் வந்தாக வேண்டும்.

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மேடை வெளிச்சத்தில் தசை எடுப்பாகத் தெரியவேண்டும் என்று, ஏற்கெனவே கறுப்பான எனக்கு இன்னும் கறுப்பாகச் சாயம் பூசினார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நால்வரில் நான் இரண்டாவது. தசை தெரிவதற்காகத் தண்ணீரைக் குறைத்திருந்ததால் உடம்பில் சொட்டு ஈரமில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு, மேசையிலிருந்த சோதனைக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மணமகள் அறையில் உட்கார்ந்தேன். உடம்பு தயாரானது. அவஸ்தையே ஆரம்பித்துவிட்டது. அலுவலர் மட்டும் வரவில்லை. மற்ற இரண்டு வெற்றியாளர்களும் விட்டது தொல்லை என்று கிளம்பிவிட்டார்கள். நானே போய்ச் சங்கச் செயலாளரைப் பிடித்தேன்.

“தம்பி, டெஸ்ட்டு?”

“ஐயோ, ஒங்களுக்கு எதுக்கும்மா? ஒங்களப் போயி சந்தேகப்படுவமா? கெளம்புங்க, கீரனூர் பஸ்ஸ விட்ராதீங்க.”

“சந்தேகப்படுங்க தம்பி. அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் நெளிந்தார். “லேடி ஆபீசருக்குச் சொல்ல விட்டுப்போச்சும்மா. பெரியவங்ககிட்டப் போயி… நாங்க எப்பிடிம்மா வாங்குறது?” என் கையிலிருந்த காலிக் குப்பியை இரண்டு விரலால் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முடிவுப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. சோதனை என்ற தலைப்பின்கீழ் இரண்டே கட்டங்கள்: தந்தார், மறுத்தார். மரியாதைக்கு மூன்றாவது கட்டம் கிடையாது. எங்கள் மூவருக்கும் ‘மறுத்தார்’ என்று குறித்திருந்தார்கள். பன்னிரண்டாவது விதிப்படி, மறுத்தவர் மருந்து எடுத்தவராகவே கருதப்படுவார்; பதக்கம் ரத்து, அடுத்த போட்டிக்கும் தடை. பதினோராவதைப் படிக்காதவர்கள் பன்னிரண்டாவதை மனப்பாடமே செய்திருந்தார்கள்.

“பாத்தியா, அவங்களே போட்டுட்டாங்க,” என்றாள் தங்கை.

ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். பிறகு நினைவூட்டுக் கடிதம். பிறகு முந்தைய நினைவூட்டை ‘பார்வை’ என்று மேலே குறிப்பிட்டு இன்னொரு நினைவூட்டு. போன் செய்தால், “பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்மா” என்ற பதில். எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. அடுத்த ஆண்டின் போட்டி அறிவிப்பு வந்தது. தடை இருந்ததால் பெயர் கொடுக்க முடியவில்லை. ஆனாலும் எடை தூக்குவதை நிறுத்தவில்லை. போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டப்பாவைத் திறந்து பயறு தின்றேன்.

மறுநாள் தங்கை புளியோதரையும் தேங்காய்ச் சாதமுமாக வந்திருந்த நேரத்தில் தபால் வந்தது. அவளே பிரித்து உரக்கப் படித்தாள். ‘பெண் அலுவலர் வராததால் சோதனை செய்ய இயலவில்லை. மறுத்தார் என்ற பதிவும் தடையும் நீக்கப்படுகின்றன. தாங்கள் இவ்வாண்டுப் போட்டியில் பங்கேற்றுச் சோதனைக்கு உட்படலாம்.’

திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

“ஊசி போடலன்னு இதுல எங்க இருக்குக்கா?”

“இல்லடி.”

பேனாவை எடுத்து, பழக்க தோஷத்தில், கடிதத்தின் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதினேன்: ஆடி பதினெட்டு, திங்கட்கிழமை.