என் பதருக்கு அப்பா சொன்ன அர்த்தம்

என் மூன்று வருட உழைப்பிலிருந்து ஒரு கதிரை உருவி, கசக்கி, ஊதினார் அப்பா. உள்ளங்கையில் ஒரு மணி நிற்கவில்லை. அத்தனையும் பதர்.

நெல்லின் மரபணுக்களை ஆராய்வது என் வேலை. நம்மூர் நெல்லோடு குளிர்நாட்டு நெல் ஒன்றைக் கலந்து, அந்தச் செடிகளை நன்னிலம் பக்கத்தில் அப்பாவின் வயல் மூலையில் நட்டிருந்தேன். செடி நன்றாகச் செழித்தது. கதிர் மட்டும் தலை சாயாமல் விறைத்து நின்றது. நான் தேடியதே அதைத்தான்: கலந்த நெல்லில் மணி ஏன் பிடிப்பதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி.

அப்பா விதைநெல் போடுகிறவர். அறுப்புக்கு முன்னால் வயல் முழுக்க நடந்து, ரகம் மாறி முளைத்த கலவனைப் பிடுங்கி எறிவார். அன்றும் கையில் ஒரு பிடிக் கலவனோடுதான் நின்றார்.

"பாத்தியா? வேற வேற இனத்தச் சேத்தா பதருதான். உன் நெல்லே சொல்லுது. அந்தப் பையன மறந்துடும்மா."

நான் கட்டிக்கொள்ள முடிவு செய்திருந்தவர் அதிராம்பட்டினம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூலிக்கு நட்ட காலத்தில் சாதிப் பேச்சால் கூனிக் குறுகிய மனிதர், என் ஆராய்ச்சியை எடுத்து என்னையே அடிக்கிறார்!

"தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்கப்பா," என்று ஆரம்பித்தேன். அந்த நெல்லில் ஒரு மரபணு, இந்த நெல்லில் ஒன்று. அதனதன் செடியில் இரண்டும் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. பல்லாயிரம் வருடம் தனித்தனியே மாறியதால், ஒரே செடியில் சேரும்போது முட்டிக்கொள்கின்றன, மகரந்தம் செத்துப்போகிறது. இப்படிப்பட்ட முட்டல்கள் குவியக் குவியத்தான் ஓர் இனம் இரண்டாகிறது.

"மனுசங்களுக்குள்ள அப்படி எதுவும் பிரியல. அவங்க ஊருக்கும் நமக்கும் ரெண்டு பஸ் மாறுற தூரம், அவ்வளவுதான். நீங்க விதைக்கு விடுற ரகமே ரெண்டு ரகத்தக் கலந்து எடுத்தது. அதையும் பிடுங்கிப் போடுவீங்களா?"

அப்பா கையிலிருந்த கலவனை வரப்பில் போட்டார். "அதெல்லாம் சரி. ஊருக்கு என்ன சொல்றது?" என்றார்.

"இதையேதான்."

மன்னார்குடியில் பதிவுத் திருமணம். அப்பா வரவில்லை. மூன்று சாட்சி வேண்டும், இரண்டு பேர்தான் இருந்தார்கள். அலுவலர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் அம்மா தனியாக உள்ளே வந்தாள்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் அலுவலர்.

"பெத்தவ. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."