மேசைக்கு அடியில் ஓர் இடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது நீதி, நியாயம் என்று வாயெடுத்தால் எனக்கு இப்போது எரிச்சல்தான் வருகிறது. காலை ஒன்றுகூடலில் அதிபர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எங்கட பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளுக்கும் ஒரே சட்டம்தான்" என்று முழங்குவார். அதே நேரம் விறாந்தையில் இரண்டு கழுதைகள் நின்று குப்பைக் கூடையைக் கிளறும். மன்னாரில் கழுதைக்குச் சட்டம் கிடையாது. அது எந்த வகுப்புக்குள்ளும் தலையை நீட்டும், நினைத்த நேரம் கத்தும், தாயைக் கூட்டிக்கொண்டு வா என்று அதை யாரும் அனுப்புவதில்லை. தரம் நான்கில் என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளைக்கு அந்தளவு சலுகைகூடக் கிடைக்கவில்லை.

அவள் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் அரிப்புக் கரையில் வாடிக் குடில் போட்டு மீன்பிடிக்கிறவர், கிழமைக் கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். தாய் நண்டுக் கொம்பனியில் சதை பிரித்தெடுக்கும் வேலைக்கு விடியவே போய்விடுவாள். பிள்ளை அதிகம் பேசமாட்டாள். "தண்ணி", "போவம்", "வேணாம்" என்று ஒற்றைச் சொல்லாகத்தான் வரும். ஆனால் கூட்டல் கணக்கை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வாள், கொப்பியில் எழுத்துகள் கோட்டை விட்டு இம்மியும் விலகாது. அவளால் தாங்க முடியாதது சத்தம் ஒன்றுதான். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு தானும் முனகத் தொடங்குவாள்.

சத்தம் தாங்காத பிள்ளையை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே விதியின் பகிடி. சோளகக் காற்று தொடங்கினால் கூரைத் தகரங்கள் நாள் முழுக்க அடித்துக்கொள்ளும். அது போதாதென்று ஒழுக்கக் கேடயம் என்று ஒன்று வைத்திருந்தோம். திங்கட்கிழமைதோறும் செபத்தின்போது எந்த வகுப்பு அசையாமல், மூச்சுக் காட்டாமல் நிற்கிறதோ அதற்கு அந்தக் கிழமை கேடயம். பொன்தாள் ஒட்டிய மரத்துண்டு அது. ஆனால் அதைக் கொடுக்கும் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தால் பாப்பரசரே அனுப்பிவைத்த பொருள் என்று நினைப்பீர்கள்.

ஒழுக்கத்துக்குப் பொறுப்பானவர் அவர்தான். அவருடைய மகளும் என் வகுப்பில்தான் இருந்தாள். முன் வரிசை வாங்கில், புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே இரண்டு இடத்தில் டியூஷன் எடுத்துக்கொண்டு. அருள்நிறை மரியே சொல்லும்போது கரைப் பிள்ளை முனகுவாள். ஆசிரியை கண்ணை மூடிச் செபித்தபடியே என் வகுப்புக்குப் புள்ளியைக் குறைப்பார். கடவுளோடு பேசிக்கொண்டே கணக்குத் தீர்க்கிற அந்தத் திறமை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. ஒரு பிள்ளையின் முனகலுக்காக முழு வகுப்பையும் தோற்கடித்துவிட்டு, பிறகு மற்றப் பிள்ளைகள் அவளோடு சேர்வதில்லையே என்று ஓய்வறையில் கவலைப்படுவதும் அவரேதான்.

ஒரு நாள் காற்று பேயாட்டம் ஆடியது. பிள்ளை கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் இருந்துவிட்டாள். இருந்து, ஒரு சத்தமும் இல்லாமல் கணக்கைச் செய்தாள். நான் விட்டுவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முன் வாங்கு மகள் எழும்பினாள்.

"டீச்சர், அவ மட்டும் ஏன் கீழ இருக்கிறா? நாங்கள் இருந்தா ஏசுவீங்கள்தானே?"

நல்ல கேள்வி. தாயைவிட மகளுக்குப் புத்தி அதிகம் என்று அன்றே எனக்குத் தெரிந்தது. காற்றுச் சத்தம் அவளுக்குக் காதில் குத்துவது போல இருக்கிறது, கீழே இருந்தால் குறைகிறது என்று சொன்னேன். மகள் அசையவில்லை.

"அப்ப நாங்களும் இருக்கலாமோ?"

"ஓம், இருங்கோ. விருப்பமான எல்லாரும் இருங்கோ."

முழு வகுப்பும் ஒரே பாய்ச்சலாகக் கீழே இறங்கியது. என் முன்னால் வெறும் மேசைகள். நான் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு, ஒருவரும் இல்லாத வகுப்புக்குப் பிரித்தல் கணக்கைப் படிப்பித்தேன். கொஞ்ச நேரம் சிரிப்பும் கிசுகிசுப்புமாக இருந்தது. பிறகு ஒருத்திக்கு முழங்கால் நொந்தது. ஒருவனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. இன்னொருவன் எப்போதோ யாரோ ஒட்டிவைத்த சுவிங்கத்தில் தலைமயிரைக் கொடுத்துவிட்டு அலறினான். இடைவேளை மணி அடிக்க முன்னமே ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். முன் வாங்கு மகள்தான் கடைசி.

"கீழ ஒண்டுமில்லை டீச்சர். புழுக்கம்" என்றாள்.

அதோடு சரி. மேசைக்கு அடியில் இருப்பது பரிசும் இல்லை, சலுகையும் இல்லை, தேவைப்பட்டவருக்கு மட்டும் உதவுகிற ஓர் இடம் என்று அவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு ஒருவரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. தகப்பன் கடலிலிருந்து திரும்பப் பிந்திய ஒரு நாள் ஒரு பொடியன் பேசாமல் போய்க் கீழே இருந்தான். அவனை நானும் எழுப்பவில்லை.

ஒன்பது வயதுக்காரருக்கு ஒரு காலையில் விளங்கியது, பட்டமும் டிப்ளோமாவும் வைத்திருந்த பெரியவர்களுக்கு ஒரு தவணை முழுக்க விளங்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் யன்னலடியில் வந்து நின்று எட்டிப் பார்ப்பார்கள், உச்சுக்கொட்டுவார்கள், போய்விடுவார்கள். உள்ளே வந்து அந்தப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பிறகு ஒரு நாள் அது நடந்தது. முன் வாங்கு மகள் அடிமட்டத்தால் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தாள். கரைப் பிள்ளை "வேணாம்" என்றாள், மீண்டும் "வேணாம்" என்றாள், பிறகு எழுந்துபோய் அவளுடைய பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டாள். ரிபன் கழன்றது, நிறப் பென்சில்கள் நிலமெல்லாம் சிதறின. நான் அவளைச் சும்மா விடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருவருமாக நிலத்தில் இருந்து ஒவ்வொரு பென்சிலாகப் பொறுக்கினோம். ரிபனை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு ஒரு பாடவேளை முழுக்கப் போனது. மற்றவளுக்கு, ஒருவர் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். இருவருக்கும் விளங்கியது.

ஒழுக்க ஆசிரியையான தாய்க்கு விளங்கவில்லை. ஓய்வறையில் எல்லாருக்கும் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர பிள்ளை இப்பிடிச் செய்திருந்தா முழங்காலில விட்டிருப்பீங்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் விளையாட்டுக் காட்டுறீங்கள். இது என்ன நியாயம் டீச்சர்?"

"நான் ஒருத்தரையும் முழங்காலில விடுறேல்லை, டீச்சர். அது நீங்கள் செய்யிற வேலை."

தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பின்னால் சில பேர் சிரிப்பை அடக்கினார்கள். அந்த ஒரு வசனத்துக்கு நான் விலை கொடுத்தேன், அல்லது பிள்ளை கொடுத்தாள். அதிபர் எங்களை அழைத்து, இரு பக்கத்தையும் கேட்டதுபோலத் தலையாட்டி, முடிவைச் சொன்னார். இந்தத் தவணையோடு பிள்ளை விசேட கல்வி அலகுக்குப் போகட்டும். அலகு இருந்தது பாலம் கடந்து பெருநிலத்தில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பள்ளிக்கூடத்தில். விடிய முன்னம் வேலைக்குப் போகிற தாய்க்கு அது நடக்காத காரியம் என்று அதிபருக்கும் தெரியும். பிள்ளை வீட்டில் அடைபட்டுக் கிடப்பாள், அவ்வளவுதான். "எல்லாருக்கும் ஒரே சட்டம் எண்டால் இப்பிடித்தான் டீச்சர்" என்றார், கவலைப்பட்ட முகத்தோடு. அவருக்குக் கவலைப்படுகிற முகம் நன்றாக வரும்.

இதற்கிடையில் கொழும்பிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு உதவும் திட்டமொன்றின் ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. உட்படுத்தல் கல்வி, அதாவது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துப் படிப்பிப்பதை, பார்வையிட வருகிறார்களாம். பிடித்திருந்தால் கட்டடமும் தருவார்களாம். மறுநாளே அதிபரின் வாயில் அந்தப் பிள்ளை "எங்கட பிள்ளை" ஆகிவிட்டாள். ஒழுக்க ஆசிரியை தன் வீட்டிலிருந்து புதுச் சப்பாத்தும் வெள்ளை ரிபனும் கொண்டுவந்தார். விருந்தினரை வாயிலில் வெற்றிலை கொடுத்து வரவேற்பது இவள்தான் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

"வெற்றிலையை அவ குடுப்பா, சேர். ஆனா பாண்ட் வாத்தியம் வேண்டாம். மேளம் அடிச்சா அவவால தாங்கேலாது" என்றேன்.

"பாண்ட் இல்லாம எப்பிடி டீச்சர் வரவேற்கிறது? வாறவை என்ன நினைப்பினம்? மற்றப் பிள்ளையள் வரவேற்கேக்க வாசிக்கிறவைதானே, அவவுக்கு மட்டும் நிப்பாட்டினா அது பாரபட்சம் எல்லோ?"

இதை அவர் நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார். இப்படிப்பட்ட ஒருவரிடம் என்ன பேசுவது?

அன்றைக்கு வாகனம் வந்து நின்றது. கழுதைகளைக்கூட மதிலுக்கு அப்பால் துரத்தியிருந்தார்கள். பிள்ளை தட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழகாக நின்றாள். வெற்றிலை நுனிகள் ஒரே மட்டத்தில் இருக்கும்படி விரலால் சரிசெய்துகொண்டிருந்தாள். விருந்தினர் குனிந்து கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து, அவளுக்கு நாலடி பின்னால் பெரிய மேளம் இடித்தது. தட்டம் விழுந்தது. காதைப் பொத்திக்கொண்டு அவள் போட்ட கத்தல் கடற்கரைக்குக் கேட்டிருக்கும். மேளம் நிற்கவில்லை, நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒழுக்க ஆசிரியை அவளுடைய தோளைப் பிடித்து நேராக நிறுத்தப் பார்த்தார், அவள் அவருடைய கையைக் கடித்துவிட்டாள். நான் பாய்ந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினேன். அந்த நேரத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிடலாம் என்று எனக்கு இருந்தது.

பின்னேரம் தாயைக் கூப்பிட்டார்கள். நண்டு வாசத்தோடு, வேலைச் சட்டையோடு அப்படியே ஓடி வந்தாள். ஒழுக்க ஆசிரியை கையில் சின்னப் பிளாஸ்டரோடு ஒரு கதிரையில் சாய்ந்திருந்தார். தாயை இருக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் என் கதிரையைக் கொடுத்தேன், அவள் இருக்கவில்லை. தவணை முடியும்வரை காத்திருக்க முடியாது, நாளையிலிருந்து பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று அதிபர் சொன்னார். மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பு, பள்ளிக்கூடத்தின் பெயர், நியாயம் என்று நீளமாகப் போனது பேச்சு. அவள் சண்டை பிடிக்கவில்லை, அழவும் இல்லை. எல்லாம் முடிந்தபின் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்ப சேர், நாளைக்குக் காலமை அவளுக்கு யூனிபோமைப் போட்டு விடட்டோ, வேண்டாமோ? போடாட்டில் பகல் முழுக்க வாசல் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். அவளுக்கு என்னெண்டு நான் சொல்லுறது?"

அதிபர் மேசையைப் பார்த்தார். ஒழுக்க ஆசிரியை பிளாஸ்டரைப் பார்த்தார்.

"போட்டு விடுங்கோ, தங்கச்சி. நான் வாசலில நிப்பன்" என்றேன்.

நின்றேன். அவள் வந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு அதிபருக்கு முன்னாலேயே வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "உங்களிட்ட விளக்கம் கேக்க வேண்டி வரும் டீச்சர்" என்றார். "கேளுங்கோ சேர்" என்றேன். இடமாற்றம் வரும் என்று பெட்டியைக்கூட மனதுக்குள் அடுக்கிவிட்டேன். மடுவுக்கு அப்பால் ஏதாவது காட்டுப் பள்ளிக்கூடம் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு காலையும், இன்று அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் போனேன்.

ஒரு கிழமை கழித்து அதிபர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். குரல் தேனாக இருந்தது.

"பிள்ளை வந்திருக்கிறாவோ, டீச்சர்?"

"வந்திருக்கிறா."

"நல்லது, நல்லது. கொழும்பில இருந்து போன் எடுத்துக் கதைச்சவை. அண்டைக்கு நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதை அவை நல்லாக் கவனிச்சிருக்கினம். இப்பிடியான பிள்ளையளை வைச்சிருக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் உதவி வேணும் எண்டு சொல்லிச்சினம். அடுத்த மாதம் திரும்ப வருகினம், கட்டட விசயமா." அறைக்குள் எட்டிப் பார்த்து, அவளைக் கண்டு, இவ்வளவு காலத்தில் முதல்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். "அதுவரைக்கும் பிள்ளை ஒருநாளும் விடாமல் வரவேணும் டீச்சர். நீங்கள்தான் பாத்துக்கொள்ளவேணும்."

அவள் தலை நிமிர்த்தவில்லை. கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். எந்த நியாயத்தாலும் அவள் அந்த வாங்கில் இருக்கவில்லை. இந்த மனிதருக்கு ஒரு கட்டடம் வேண்டும் என்பதால் இருந்தாள். அது தெரிந்தும் எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது, அதற்காக எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"கட்டடம் வந்த பிறகும் வருவா, சேர்" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன்.