மக்ரூன் அறைக்கு மேல் ஒரு ஷவர்

எண்பதுகளின் கடைசியில், தூத்துக்குடியில் எங்கள் தெருவில் முதலில் ஷவர் வைத்தவன் நான். ஒரே குளியலறையை ஒரே மாதத்தில் இரண்டு தடவை கட்டியவனும் நான்தான்.

மாடி வீடு. மேலே நானும் மனைவியும். கீழே ஒரு அண்ணாச்சி வாடகைக்கு இருந்து மக்ரூன் போட்டுக்கொண்டிருந்தார். முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியும் அடித்துச் சுடுகிற அந்தப் பண்டத்துக்கு ஈரம் ஆகாது. லேசாகப் பட்டாலும் தொய்ந்துவிடும். அவர் மக்ரூனை ஆறவைக்கும் அறை, சரியாக எங்கள் குளியலறைக்குக் கீழே. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வருஷமே அந்த ஒரு மாதம்தான்.

கொத்தனார் வந்து பார்த்தார்.

"பழைய தரையைக் கொத்தி எடுத்துருவோம் தம்பி. அடியில வாட்டர்புரூப் போட்டு, தண்ணி ஓட வாட்டம் பாத்து, மூணு நாள் தண்ணி கட்டி நிறுத்தணும். ஒழுகலேன்னாத்தான் டைல்ஸ். வாளியில மோந்து ஊத்துத தண்ணி வேற, செவத்துல அடிக்கிற தண்ணி வேற."

"எத்தனை நாள் ஆகும்?"

"பத்துப் பன்னெண்டு நாள்."

கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் அடுத்த ஞாயிறு வருகிறான். எங்கள் வீட்டிலும் ஷவர் இருக்கிறது என்று அவனுக்கு நான் முன்கூட்டியே கடிதம் எழுதித் தொலைத்திருந்தேன்.

"நாங்க தோணிக்காரங்க கொத்தனாரே. கடலையே வெளிய நிறுத்துன பரம்பரை. இந்தத் தண்ணிக்கா பயப்படுவோம்?"

தாத்தாவும் அப்பாவும் தோணியில் போனது உண்மை. நான் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் கிளார்க். தோணியில் ஏறி அலைதடுப்புச் சுவரைத் தாண்டினால் காலையில் தின்ற இட்லி என்னிடம் தங்காது. கொத்தனாருக்கு அது தெரியாது. பழைய தரை மேலேயே டைல்ஸை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு மச்சான் குளித்தான். "கப்பல்ல கூட இப்பிடி அடிக்காது மச்சான்" என்றான். இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தேன். புதன்கிழமை மக்ரூன் அண்ணாச்சி படியேறி வந்து கையை நீட்டினார்.

"இதைக் கடிச்சுப் பாரும் தம்பி."

கடித்தேன். வெகுநேரம் மென்றேன்.

"மேல இருந்து சொட்டுதுல்லா" என்றார்.

புதுத் தோணியைக் கடலில் இறக்கினால் முதல் சில நாள் ஒழுகும். யாரும் பதற மாட்டார்கள். தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மரம் ஊறிப் பருத்து, பலகையும் பலகையும் நெருக்கிக்கொள்ள, ஒழுக்கு நின்றுவிடும். இதைத்தான் நான் அவருக்கு விளக்கினேன். "பத்து நாள் பொறுங்க. ஊறுனா தானா இறுகிரும்."

அவர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்; தோணி அறியாதவர். "தோணிக்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று நம்பிப் போய், அறையின் மேல்பக்கம் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். அந்த நம்பிக்கைதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. சீக்கிரம் ஊறட்டுமே என்று நான் தினம் மூன்று வேளை குளித்தேன். ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும் இதில் ஏக சந்தோஷம்.

பத்தாம் நாள் தார்ப்பாய் வயிறு தள்ளி, ஒரு மூலை அவிழ்ந்து, நாலு தட்டு மக்ரூனின் மேல் கொட்டியது. அண்ணாச்சி மேலே வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நாலு நாள்ல மொத ஆர்டர் போவணும் தம்பி. இங்கன முடியாதுன்னா சொல்லிரும். வேற எடம் பாக்கேன்."

அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். "ஏங்க, தோணி மரத்துல செஞ்சது. இது சிமெண்டுல்லா? இது எங்க ஊறிப் பருக்கும்?"

பத்து நாளாக எனக்கு இது தோன்றவே இல்லை. "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொன்னேன். நீங்க உள்ள பாடிக்கிட்டுல்லா இருந்திய."

அன்றைக்கே ஷவரை மூடினேன். வீட்டில் காய்ந்த இடம் எங்கள் ஹால்தான். மக்ரூன் தட்டுகளை அங்கே அடுக்கினோம். நாங்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தோம். முதல் ஆர்டர் ஹாலிலிருந்தே போனது.

கொத்தனார் திரும்ப வந்தார். சிரிக்கவில்லை. டைல்ஸைப் பெயர்த்ததும் தரையும் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல் தெரிந்தது. "பாத்தீரா, தண்ணி போற வாசலை?" என்றார். எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, மூலைகளை உருட்டிப் பூசி, வாட்டர்புரூப் பவுடர் கலந்த சிமெண்டைச் சுவரில் தோள் உயரம்வரை ஏற்றி, குழாய் நுழையும் ஓட்டைகளை அடைத்தார். அது இறுகிய பிறகு ஒரு சாண் தண்ணீர் தேக்கினார்.

மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே நின்றது. அலறிக்கொண்டு அவரைக் கூட்டிவந்தேன்.

"காத்துல வத்துததுக்கும் நான்தான் பொறுப்பா?" என்றவர், கீழே போய்க் கூரையைத் தடவிக் காட்டினார். காய்ந்து கிடந்தது.

டைல்ஸ் ஒட்டி முடிந்தும் அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. பெரிய ஆர்டருக்கான சரக்கை ஹாலில் வைத்து மாளாது. ஒரு காலையில் கீழ் அறையில் ஒரு தட்டு மக்ரூனை வைத்தார். மேலே நான் ஷவரைத் திறந்துவிட்டு, மத்தியானம்வரை அடியிலேயே நின்றேன். விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது.

"போதும், வாரும்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

துண்டோடு ஓடினேன்.

"தள்ளி நில்லும்வே, தலையில இருந்து சொட்டுது."

தள்ளி நின்றேன். அண்ணாச்சி ஒரு மக்ரூனை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். நொறுக்கென்று உடைந்தது. பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு, படிக்கட்டைப் பார்த்து என் மனைவிக்குக் குரல் கொடுத்தார்:

"தங்கச்சி, தட்டெல்லாம் எறக்கலாம்மா!"