முழங்கால் தண்ணீரில் நொட்டாங்கை

நீங்கள் கடைசியாகச் சாப்பிட்ட இறாலைச் சுத்தம் செய்தவள் எதில் நின்றுகொண்டு அதைச் செய்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. கேட்கவும் தோன்றியிருக்காது. அப்படியானால் நொட்டாங்கையின் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பெற்றவர்கள் அவளுக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். கடலுக்குப் பக்கத்து ஆற்றில் மீன் படகுகள் வந்து சேரும் துறையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இடக்கையால் கத்தி பிடிப்பவள், ஆகவே நொட்டாங்கை. அவளைப் போல வேகமாக இறால் தலை வெட்டுகிறவர்கள் அந்த ஆற்றங்கரையில் கிடையாது. அவளைப் போல வாய்கூசாமல் திட்டுகிறவர்களும் கிடையாது. குடித்துவிட்டு அடிக்கக் கை ஓங்கிய புருஷனை அதே இடக்கையால் ஓர் அறை விட்டுத் தெருவுக்கு அனுப்பினாள். அவன் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை, ஓர் அடுப்பு, அவளும் தங்கையும்.

துறையில் வேலை நடக்கும் விதம் இது. ஆற்றுக்குள் கம்பங்கள் நட்டு, இடுப்பு உயரத்தில் நீளப் பலகை அடித்திருக்கும். பெண்கள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று மீனும் இறாலும் வெட்டுவார்கள். தலை, குடல், செதில் எல்லாம் அவரவர் காலடியிலேயே விழும். கரையில் சிமெண்ட் தரை போட்ட கொட்டகை இருந்தது, குழாய்த் தண்ணீரும் இருந்தது. அது வாங்க வருகிறவர்கள் செருப்பு நனையாமல் நிற்பதற்கு.

"கழிவு ஒரு பொட்டு கரை ஏறக்கூடாது. நாத்தம் அடிச்சா எவன் வாங்குவான்? ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்பது முதலாளியின் சட்டம்.

கரையோரத்தில் ஓட்டம் எங்கே இருக்கிறது? விழுந்தது விழுந்த இடத்தில் கிடந்தது.

ஒரு நாள் காலை, பக்கத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்த தங்கை முணுமுணுத்தாள். "அக்கா, உன் முழங்கையும் என் முழங்கையும் இடிச்சு இடிச்சே எனக்குக் கை வீங்குது."

"நீ கொஞ்சம் இளைச்சா இடிக்காதுடி."

"நீ வலது கைக்கு மாறினாலும் இடிக்காது."

"சரி, இந்தப் பக்கம் வா. என் இடத்துல நின்னுக்க."

இடம் மாற்றிக்கொண்டார்கள். தங்கை அக்கா நின்ற இடத்தில் கால் வைத்தாள். காலடியில் சேறு துள்ளியது. சாட்டை போல ஒரு வால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து கணுக்காலுக்கு மேலே அடித்தது.

அவள் போட்ட அலறலில் பலகையிலிருந்த கத்திகள் தண்ணீரில் விழுந்தன. அடித்தது சேற்றில் புதைந்து கிடந்த திருக்கை மீன். அதன் வால் முள் இரண்டு பக்கமும் ரம்பம். போகும்போது குத்திக்கொண்டு போகும், வரும்போது சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். கரைக்குத் தூக்கி வருவதற்குள் அக்காவின் புடவை முழுக்க ரத்தம். கால் வீங்கியது, பிறகு கறுத்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"பார்த்துக் கால் வைக்க வேண்டாமா? கண்ணு எங்கே இருந்துச்சு?" என்றார் முதலாளி. அதோடு அவர் கடமை முடிந்தது.

பெண்களிடம் வேலை வாங்கும் மேஸ்திரி இன்னும் ஒரு படி மேலே போனான். "ரத்த ருசி கண்டுடுச்சு. இனி மனுஷக் கறியைத் தேடித்தான் வரும். ஒண்ணு விடாம அடிச்சுக் கொல்லணும்."

துறையே கிளம்பியது. முதலாளி படகு கொடுத்தார், கம்பு கொடுத்தார். தன்மேல் விழவேண்டிய கோபம் ஆற்றின்மேல் விழுகிறதென்றால் எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்? வலையை வளைத்து இழுத்தார்கள். வட்டத் தட்டுகள் போலக் கரையில் வந்து விழுந்தவற்றைக் கம்பால் அடித்தார்கள், ஈட்டியால் குத்தினார்கள், வாலை வெட்டி எறிந்தார்கள். எல்லாரையும்விட வெறியோடு அடித்தவள் நொட்டாங்கை. ஓர் அடிக்கு ஒருமுறை "என் தங்கச்சி கால்! என் தங்கச்சி கால்!" என்று கத்தினாள். செத்துப்போனதையும் அடித்தாள். ஒன்று அடிபட்டுக்கொண்டே குட்டி போட்டது. அவற்றையும் மிதித்தார்கள்.

கூட்டத்துக்குக் கோபம் வந்துவிட்டால் ஒரு பிராணி என்ன தின்னும் என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? திருக்கைக்குக் கண் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். தான் தின்பதை அது கண்ணால் பார்ப்பதே இல்லை. மோப்பம் பிடித்து வரும். சேற்றில் புதைந்திருக்கும் உயிரின் மெல்லிய மின் துடிப்பை வாயோரத்துத் துளைகளால் உணரும். இரைமேல் மூடிபோலக் கவிழும், தலைப்பக்கத்தை லேசாகத் தூக்கும், அடியில் உண்டாகும் இழுப்பில் புழுவோ நண்டோ இறாலோ வாய்க்குள் போய்விடும். ஓடுகளை நொறுக்கத் தட்டையான பல். மனிதத் தொடையைக் கடிக்க அந்த வாயில் எதுவும் கிடையாது. வால் வேட்டைக்கு அல்ல, மிதிக்கிறவனிடமிருந்து தப்புவதற்கு.

இவை எதுவும் நொட்டாங்கைக்குத் தெரியாது. தங்கையின் சதை உள்ளே இருக்கும் என்றே அவள் நம்பினாள். அதை எடுத்துப் புதைக்க வேண்டும் என்று ஒரு திருக்கையின் வயிற்றைக் கிழித்தாள்.

உள்ளே கொஞ்சம் நண்டு ஓடு, கூழாய்ப் போன புழு, அப்புறம் இறால் தலைகள். பாதி நொறுங்கியவை, நொறுங்காதவை. நொறுங்காத ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசினாள். வெட்டு நேராக இல்லை, சாய்வாக இருந்தது. மற்றவர்களின் வெட்டு ஒரு பக்கம் சாயும். அவள் ஒருத்தியின் வெட்டுத்தான் எதிர்ப்பக்கம் சாயும். அடுத்த வயிற்றைக் கிழித்தாள். அதிலும் அதே சாய்வு.

"என்னம்மா அப்படிப் பாக்குறே, உள்ளே உன் புருஷன் இருக்கானா?" என்றான் மேஸ்திரி.

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நான் வெட்டின தலைடா இது" என்றாள். "நாமதான் சோறு போட்டுருக்கோம். தினமும் காலடியில கொட்டிட்டு, தின்ன வந்ததுமேல ஏறி மிதிச்சிருக்கோம். எங்களைத் தண்ணியில நிக்க வெச்சது யாரு?"

பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை படகுகள் வந்தன. பெண்கள் கரையில் நின்றார்கள்.

"இறங்குங்கடி" என்றான் மேஸ்திரி.

"நீ முதல்ல இறங்கு. உன் காலு என்ன கல்லா?" என்றாள் ஒருத்தி.

நொட்டாங்கை பலகையடியில் தேங்கிக் கிடந்த கழிவை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். முதலாளியின் மேசைமேல் கவிழ்த்தாள். குடலும் செதிலும் அவர் வேட்டியில் வழிந்தன. "ஆறு அடிச்சுக்கிட்டுப் போகலைங்க. நீங்களே வெச்சுக்குங்க."

அதற்குப் பிறகு மேஸ்திரியின் ஆட்களோடு அடிதடி. நேற்றுத் திருக்கையை அடித்த அதே கம்புகள் இன்று பெண்களின் முதுகில் விழுந்தன. ஒருத்திக்கு மண்டை உடைந்தது. ஒருத்தி மேஸ்திரியின் காதைக் கடித்துத் துப்பினாள். நொட்டாங்கை கோடரியோடு தண்ணீரில் இறங்கி, பலகை தாங்கிய கம்பங்களை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தாள். கடைசிக் கம்பத்தில் இடக்கை ஊன்றியபோது மேஸ்திரியின் கம்பு அந்தக் கையில் இறங்கியது. விரல் எலும்புகள் முறிந்த சத்தம் கரையில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவள் வலக்கையால் கோடரியை எடுத்தாள். கம்பம் விழுந்தது. பலகை ஆற்றோடு போனது.

வெட்ட இடம் இல்லை, படகில் மீன் அழுகத் தொடங்கியது. நியாயத்துக்கு இரங்காத முதலாளி நாற்றத்துக்கு இரங்கினார். கொட்டகைத் தரை பெண்களுக்கு வந்தது, கழிவுக்கு ஒரு குழி வந்தது. அதற்கப்புறம் அந்தத் துறையில் யாரையும் திருக்கை அடிக்கவில்லை. அவை ஆழத்தில் தங்கள் நண்டையும் புழுவையும் தேடிப் போய்விட்டன.

நொட்டாங்கையின் இடக்கை விரல்கள் இன்று மடங்குவதில்லை. வலக்கையால் மெதுவாக வெட்டுகிறாள். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து தங்கையும் வெட்டுகிறாள். "இப்ப முழங்கை இடிக்கலை, பாத்தியா" என்பாள் தங்கை. "வாயை மூடிட்டு வேலையைப் பாருடி" என்பாள் அக்கா.

ஆற்றின் கீழ்த்துறைகளில் பெண்கள் இன்னமும் தண்ணீரில்தான் நிற்கிறார்கள். அடுத்தமுறை சுத்தம் செய்த மீன் வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: இதை வெட்டியவள் எங்கே நின்றாள்? பதில் சொல்ல மறுத்தால் துறைக்கே போய்ப் பாருங்கள். அவள் தண்ணீரில் நின்றால், அவளைக் கரையேற்றும்வரை அந்த மீனை வாங்காதீர்கள்.